அப்பாவின் ஜீப்புக்குப் பவுடர் கோட்டிங்: எதற்குச் செய்யலாம், எதற்குக் கூடாது?

உங்கள் கேள்வி, என் பதில்
– வேளாண்மை அலுவலர், ஜவ்வாது மலை

கேள்வி: ‘‘அய்யா, வணக்கம். நம்மியம்பட்டுப் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் மானாவாரி நிலம். சாமையும் கொள்ளும் போடுகிறோம். அப்பா காலத்துப் பெட்ரோல் ஜீப் ஒன்று இருக்கிறது, 1972-ம் வருஷத்து வண்டி. அப்பா இருந்தவரை சாமை மூட்டை, புளி, பலாப்பழம் எல்லாம் அதில்தான் போளூருக்குப் போனது. ராத்திரி நேரத்தில் பிரசவ வலி வந்தவர்களையும் அதில்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவார். அவர் போன பிறகு மூன்று மழைக்காலம் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இப்போது மெக்கானிக் அண்ணன் எஞ்சினைப் பிரித்திருக்கிறார். வெளிப்பாகங்கள் எல்லாம் ஒரே துரு. கீழே டவுனில் ஒரு பட்டறையில், ‘எல்லாத்தையும் கொண்டுவாங்க, பவுடர் கோட்டிங் பண்ணிடலாம், இருபது வருஷத்துக்கு அசையாது’ என்கிறார்கள். புளி விற்ற பணம் கையில் இருக்கிறது. அம்மாவோ, ‘ஓடுனா போதாதா, அதுக்கு எதுக்குடா அலங்காரம்’ என்கிறார். செய்யலாமா? எதையெல்லாம் கொடுக்கலாம்?’’

பதில்: தம்பி, குலைநோய்க்கும் படைப்புழுவுக்கும் பதில் எழுதுகிற பக்கத்தில் ஜீப் வந்து நிற்கிறது. ஆனால் மலை மேல் விவசாயம் செய்கிறவர்களுக்கு வண்டியும் ஒரு விவசாயக் கருவிதான். விளைந்ததைக் கீழே கொண்டுபோகாவிட்டால் விளைந்தும் பயனில்லை. உங்கள் கடிதத்துக்கு நான் பதில் எழுத இன்னொரு காரணமும் உண்டு. இதே வேலையை என் அப்பாவின் ஜீப்புக்குச் செய்துவிட்டு நான் பட்ட பாட்டைக் கீழே சொல்கிறேன்.

முதலில் சுருக்கமான பதில். சில பாகங்களுக்குச் செய்யலாம், நன்றாக நிற்கும். சில பாகங்களுக்குச் செய்யவே கூடாது, செய்தால் எஞ்சினே போய்விடும். ‘எல்லாத்தையும் கொண்டுவாங்க’ என்று சொல்வதை மட்டும் கேட்காதீர்கள்.

பவுடர் கோட்டிங் என்பது என்ன?

சாதாரண பெயின்ட்டில் நிறம், பிசின், தின்னர் மூன்றும் கலந்திருக்கும். தின்னர் ஆவியானதும் மீதி காய்ந்து ஒட்டிக்கொள்ளும். பவுடர் கோட்டிங்கில் தின்னரே கிடையாது. பிசினும் நிறமும் சேர்ந்த உலர்ந்த பொடிதான். மைதா மாவு மாதிரி இருக்கும். 1950-களில் ஜெர்மனியில் எர்வின் கெம்மர் என்பவர் பொடியை வைத்துப் பூசும் முறையைக் கொண்டுவந்தார். பொடியை மின்னேற்றித் தெளிக்கும் இப்போதைய முறை 1960-களில் பரவியது.

சீப்பைத் தலையில் தேய்த்துவிட்டுக் காகிதத் துண்டுக்கு மேலே பிடித்தால் காகிதம் ஒட்டிக்கொள்கிறது அல்லவா? அதே சங்கதிதான். துப்பாக்கி போன்ற கருவி பொடிக்கு மின்னேற்றம் கொடுத்து ஊதும். பாகத்தை எர்த் செய்து கொக்கியில் தொங்கவிட்டிருப்பார்கள். பொடி தேடிப் போய்ப் பின்பக்கமும் சுற்றி ஒட்டிக்கொள்ளும். பூச்சிமருந்துத் துளிக்கு மின்னேற்றம் கொடுத்து இலையின் அடிப்பக்கமும் படும்படி செய்கிற தெளிப்பான்கள் இதே தத்துவத்தில்தான் வேலை செய்கின்றன.

பொடி ஒட்டிய பாகத்தைச் சூளைக்குள், அதாவது ஓவனுக்குள், வைப்பார்கள். பொதுவாக 180 முதல் 200 டிகிரி செல்சியஸ். அந்தச் சூட்டில் பொடி உருகிப் பரவி, பிறகு வேதிமாற்றம் அடைந்து இறுகும். ஒருமுறை இறுகினால் திரும்ப உருகாது. பூச்சின் பருமன் 60 முதல் 80 மைக்ரான், ஏறக்குறைய ஒரு தலைமுடியின் பருமன். கல்லடி, எண்ணெய், தண்ணீர் எல்லாவற்றையும் சாதாரண எனாமலைவிட நன்றாகத் தாங்கும்.

அப்படியானால் ஏன் சிலருக்கு ஆறே மாதத்தில் தோல் உரிகிற மாதிரி உரிந்து வருகிறது? பூச்சு நிற்பது பொடியால் மட்டும் இல்லை. அதற்கு அடியில் என்ன செய்தோம் என்பதால்தான். விதைநேர்த்தி செய்யாத விதைக்கு மேலே எத்தனை மருந்து தெளித்தாலும் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

காவலூரில் இருப்பவர்களுக்கு இன்னொரு உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. வைணு பாப்பு வானாய்வகத்தின் பெரிய தொலைநோக்கியில் 2.34 மீட்டர் அகலக் கண்ணாடி இருக்கிறது. அதன் மேல் உள்ள அலுமினியப் பூச்சு நாளாக நாளாக மங்கும். மறுபடி பூசும்போது பழைய பூச்சின் மேலேயே பூசிவிட மாட்டார்கள். பழையதை முழுவதும் கரைத்து எடுத்து, கண்ணாடியைக் கழுவி, உலர்த்தி, அதன் பிறகுதான் வெற்றிடக் கலனுக்குள் வைத்துப் பூசுவார்கள். நட்சத்திரம் பார்க்கிற கண்ணாடிக்கு உள்ள அதே விதிதான் நம் ஜீப்பின் மூடிக்கும்.

நான் பட்ட பாடு

பல வருஷங்களுக்கு முன், வேறு மாவட்டத்தில் வேலையில் இருந்தபோது நடந்தது. என் அப்பா வைத்திருந்ததும் உங்களுடையது போன்ற பெட்ரோல் ஜீப்தான். எஞ்சின் தலைக்கு மேலே ராக்கர் கவர் என்று தகரமூடி ஒன்று இருக்கும் (டேப்பெட் கவர் என்றும் சொல்வார்கள்). அதையும் ஏர் கிளீனரையும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். மணல் பீய்ச்சித் துருவை எடுத்து, சிவப்பு நிறத்தில் பவுடர் கோட்டிங் செய்து கொடுத்தார்கள். பார்க்கக் கண்ணைப் பறித்தது. வாங்கி வந்த அன்றைக்கே மாட்டினேன்.

மூன்றாவது வாரம் எஞ்சினில் ‘டக் டக்’ என்று அடிசத்தம். ஆயில் சம்ப்பைக் கழற்றிப் பார்த்தால் அடியில் மணல். கிராங்க் ஷாஃப்ட் பேரிங் எல்லாம் கோடு கோடாகக் கீறிப் போயிருந்தது. மணல் எங்கிருந்து வந்தது? ராக்கர் கவருக்கு உள்பக்கம், எண்ணெய் தெறிக்காமல் தடுக்க ஒரு தடுப்புத் தகடு வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். அதற்கும் மூடிக்கும் நடுவில் உள்ள இடுக்கில் மணல் போய் உட்கார்ந்திருக்கிறது. வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. எஞ்சின் சூடாகி எண்ணெய் தெறித்ததும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருக்கிறது. பூச்சுக் கூலி சில நூறு ரூபாய். எஞ்சின் வேலைக்கு என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் போனது.

பட்டறையைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்கள் கதவும் ஜன்னல் கிரில்லும் செய்து பழகியவர்கள். எஞ்சின் பாகம் என்பதால் கழுவிப் பார்த்திருக்க வேண்டியது நான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

எதையெல்லாம் கொடுக்கலாம்?

1. ஃபேன், புல்லி, டைனமோ பிராக்கெட், எஞ்சின் மவுண்டிங் பிராக்கெட் போன்ற இரும்புப் பாகங்கள். மணல் தங்கும் இடுக்கு இல்லாதவை. முதலில் இவற்றைக் கொடுங்கள். ஆனால் கொடுப்பதற்கு முன் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பூச்சு விரிசலை மறைத்துவிடும். விரிசல் உள்ள ஃபேன் இறக்கை ஓட்டத்தில் முறிந்தால் ரேடியேட்டரைக் கிழிக்கும், பக்கத்தில் நிற்பவரையும் வெட்டும்.

2. ஆயில் சம்ப்பின் வெளிப்பக்கம். உள்பக்கம் பூசவே கூடாது. உள்ளே பூசிய பூச்சு என்றைக்காவது பெயர்ந்தால் ஆயில் பம்பின் சல்லடையை அடைத்துவிடும்.

3. பேட்டரி தட்டு, ஸ்டாண்டு, கிளாம்பு. பேட்டரி அமிலம் படும் இடம் என்பதால் நல்ல பூச்சு இங்கே பயன்படும். எர்த் வயர் மாட்டும் இடத்தை மட்டும் பூசாமல் விடச் சொல்லுங்கள். பவுடர் கோட்டிங் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் கிடைக்காமல் ‘ஸ்டார்ட் ஆகவில்லை’ என்று ஒரு நாள் முழுக்கத் தேடியவர்கள் உண்டு.

4. ராக்கர் கவர், ஏர் கிளீனர் குடுவை. இவற்றைக் கொடுக்கலாம், ஆனால் மணல் பீய்ச்சக் கூடாது. பழைய பெயின்ட்டைப் பெயின்ட் ரிமூவர் போட்டு எடுத்து, துருவைக் கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் தேய்த்துக் கொடுங்கள். எண்ணெய்க் குளியல் ஏர் கிளீனரின் உள்ளே கம்பிவலை இருக்கும். அதில் மணல் தங்கினால் நேராகச் சிலிண்டருக்குள்தான் போகும்.

எதைக் கொடுக்கவே கூடாது?

ரேடியேட்டர். பழைய ஜீப்பின் ரேடியேட்டர் செம்பும் பித்தளையும் சேர்த்து ஈயப்பற்று வைத்தது. ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். ஓவன் சூடு 200 டிகிரி. வெளியே எடுக்கும்போது ஒவ்வொரு மூட்டும் விட்டுப் போயிருக்கும். போதாததற்கு, பூச்சு சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். ரேடியேட்டருக்கு மெல்லியதாக ஒரு கை கறுப்புப் பெயின்ட் போதும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, சைலன்சர் குழாய். மலையேற்றத்தில் மூட்டையோடு போகும்போது மேனிஃபோல்டின் சூடு 400 டிகிரியைத் தாண்டும். சாதாரண பவுடர் அதில் கருகிப் புகைந்து உதிரும். இதற்குச் சிலிக்கான் கலந்த, அதிக வெப்பம் தாங்கும் பெயின்ட் தனியாகக் கிடைக்கிறது.

பெட்ரோல் டேங்க். காலியாகத் தெரிந்தாலும் உள்ளே ஆவி இருக்கும். ஓவனில் வைத்தால் வெடிக்கும். இதில் யோசிக்கவே வேண்டாம்.

எஞ்சின் பிளாக். ஐம்பது வருஷம் எண்ணெய் குடித்த வார்ப்பு இரும்பு. சூடானதும் துளைகளிலிருந்து எண்ணெய் கசிந்து பூச்சைக் கொப்பளமாகத் தூக்கும். அவ்வளவு கனமான இரும்பு முழுவதும் சூடேற வெகுநேரம் ஆகும். பிளாக்கை நன்றாகக் கழுவி, எஞ்சின் எனாமலைப் பிரஷ்ஷால் அடியுங்கள். ஓடும்போது தண்ணீரின் சூடு 80, 90 டிகிரி அளவில்தான் இருக்கும், அதை எஞ்சின் எனாமல் தாங்கும்.

பேரிங், புஷ், ஆயில் சீல், ரப்பர் உள்ள எதுவும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். 200 டிகிரியில் ரப்பர் செத்துவிடும், பேரிங்கின் கிரீஸ் வடிந்துவிடும்.

ஹெட் போல்ட், கனெக்டிங் ராடு போல்ட், ஸ்பிரிங். அமிலத் தொட்டியில் போட்டால் கடினமான எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வரும். வெளியே பார்த்தால் தெரியாது. பாரம் விழும்போது முறியும்.

வேலை நடக்க வேண்டிய வரிசை

பட்டறைக்காரரிடம் இந்த வரிசையைச் சொல்லிக் கேளுங்கள். ‘ஆமாம், அப்படித்தான் செய்வோம்’ என்று ஒவ்வொன்றாக விளக்குகிற பட்டறைக்குக் கொடுங்கள். ‘அதெல்லாம் எங்களுக்குத் தெரியும்’ என்று மட்டும் சொன்னால் வேறு இடம் பாருங்கள். இயந்திரப் பாகம் செய்து பழகிய பட்டறைகள் ராணிப்பேட்டை, ஓசூர், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பக்கங்களில் உண்டு.

முதல் படி, எண்ணெய் நீக்குவது. இதை நீங்களே வீட்டில் செய்யலாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, பிறகு சோப்புத்தூள் கலந்த சுடுதண்ணீரில் கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, வெயிலில் உலர்த்துங்கள். கழுவிய பாகத்தின் மேல் தண்ணீர் ஊற்றினால் ஒரே படலமாகப் பரவ வேண்டும். சேப்ப இலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றால் எண்ணெய் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். மறுபடி கழுவுங்கள்.

இரண்டாவது, பழைய பெயின்ட்டையும் துருவையும் எடுப்பது. எஃகுக் குருணையாலோ கார்னெட் குருணையாலோ பீய்ச்சி எடுப்பது நல்லது. இரும்பு மங்கலான வெள்ளி நிறத்துக்கு வர வேண்டும். கம்ப்ரெசர் இருக்கிறதென்று ஆற்று மணலை வைத்து வீட்டில் முயற்சி செய்யாதீர்கள். அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் என்ற நோய் வரும். அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. அலுமினிய வார்ப்புப் பாகம் ஏதாவது இருந்தால் தனியாகக் கட்டி, ‘இது அலுமினியம்’ என்று எழுதிக் கொடுங்கள். இரும்புக்கான காஸ்டிக் சோடா தொட்டியில் தவறிப் போட்டால் அலுமினியம் கரைந்துவிடும்.

மூன்றாவது, பாஸ்பேட்டிங். பாஸ்பேட் கரைசலில் முக்கி எடுத்தால் இரும்பின் மேல் மெல்லிய படிகப் படலம் உண்டாகும். பொடிக்கு நல்ல பிடிமானம் கிடைக்கும். பூச்சில் கீறல் விழுந்தாலும் துரு உடனே பக்கவாட்டில் பரவாது. ‘ஏழு தொட்டி முறை’ என்று பட்டறைகளில் சொல்வது, எண்ணெய் நீக்குவதில் தொடங்கிப் பாஸ்பேட்டிங் வரை நடுநடுவே அலசிச் செய்கிற இந்த வேலையைத்தான்.

நான்காவது, மறைப்பது. கேஸ்கெட் உட்காரும் முகம், மரை, பேரிங் உட்காரும் இடம், எர்த் இடம் எல்லாவற்றையும் வெப்பம் தாங்கும் டேப்பாலும் சிலிக்கான் அடைப்பானாலும் மூட வேண்டும். கேஸ்கெட் முகத்தில் பூச்சு இருந்தால் எண்ணெய் ஒழுகும். போல்ட் இறுக்கும் இடத்தில் தடிமனாக இருந்தால் நாளடைவில் பூச்சு நசுங்கிப் போல்ட் தளரும். எதை மறைக்க வேண்டும் என்று பட்டறைக்குத் தெரியாது. மெக்கானிக் அண்ணனை வைத்துச் சுண்ணக்கட்டியால் குறி போட்டுக் கொடுங்கள். முடிந்தால் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது, வார்ப்புப் பாகங்களுக்கு மட்டும், பூசுவதற்கு முன் ஒருமுறை வெறுமனே சூடுபடுத்துவது. பூச்சு இறுகும் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகமாக, 220 டிகிரி அளவில் ஒரு மணி நேரம் வைத்தால் துளைகளில் உள்ள எண்ணெயும் காற்றும் வெளியே வந்துவிடும். மேலே வந்த எண்ணெயைத் துடைத்துவிட்டுப் பிறகு பூச வேண்டும். இதை விட்டால் பூச்சு முழுக்க ஊசித்துளை விழும். ஒவ்வொரு துளையும் துருவுக்கு ஒரு வாசல்.

ஆறாவது, பூசிச் சுடுவது. இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். சுடும் நேரத்தை ஓவன் சூடானதிலிருந்து கணக்கிடக் கூடாது, பாகம் சூடானதிலிருந்து கணக்கிட வேண்டும். தகரம் சில நிமிடத்தில் சூடாகும். கனமான புல்லிக்கு நேரம் பிடிக்கும். ஜன்னல் கிரில்லோடு சேர்த்து உள்ளே வைத்து, சேர்த்தே வெளியே எடுத்தால் புல்லியின் பூச்சு அரைவேக்காடாக இருக்கும். பார்க்கப் பளபளக்கும், பெட்ரோல் பட்டால் இளகும்.

இரண்டாவது படிக்கும் ஆறாவது படிக்கும் நடுவில் ஒரு ராத்திரி கூட இடைவெளி விடாதீர்கள். துரு எடுத்த பச்சை இரும்பு ஈரக்காற்றில் சில மணி நேரத்தில் மறுபடி துருப்பிடிக்கும். ஓரிடத்தில் துரு எடுத்து, மலைக்குக் கொண்டுவந்து, மறுவாரம் வேறிடத்தில் பூசுவது வீண் வேலை. நம் மலைப் பனிக்கு ஒரு ராத்திரி போதும். ஆகவே ஒரே பட்டறையில், சித்திரை வைகாசி வெயிலில் செய்துவிடுவது நல்லது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

ஒன்று, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசித்துளை, கொப்பளம், ஓரங்களில் இரும்பு தெரிவது இருக்கக் கூடாது. இரண்டு, துணியில் தின்னர் நனைத்து, கண்ணுக்குத் தெரியாத ஓர் இடத்தில் இருபது முப்பது தடவை அழுத்தித் தேயுங்கள். லேசாக நிறம் ஒட்டினால் பரவாயில்லை. பிசுபிசுத்தால், நகத்தால் கீறினால் வழிந்தால், வேகவில்லை. திரும்பச் சுடச் சொல்லுங்கள். மூன்று, ஒவ்வொரு போல்ட்டையும் கையால் திருகிப் பாருங்கள். நான்கு, நான் செய்யத் தவறியது. மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு பாகத்தையும் பெட்ரோலால் அலசி, அலசிய பெட்ரோலை வெள்ளைத் துணியில் வடிகட்டுங்கள். துணியில் ஒரு மணல் கூடத் தங்காத வரை அலசுங்கள். திறந்த வெளியில், அடுப்பும் பீடியும் பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

எஞ்சின் நம்பர் ஜாக்கிரதை

இதை யாரும் சொல்வதில்லை. எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் இரும்பில் வெட்டியிருக்கும். ஐம்பது வருஷத்தில் தேய்ந்திருக்கும். அதன் மேல் மணல் பீய்ச்சினாலோ தடிமனாகப் பூசினாலோ படிக்க முடியாமல் போகும். எஃப்.சி.க்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியை நிறுத்தும்போது ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால் அலைச்சல்தான். நம்பர் உள்ள இடத்தைக் கையால் மட்டும் சுத்தம் செய்து, கிரீஸ் தடவி விட்டுவிடுங்கள். வேலை தொடங்குவதற்கு முன் படமும் எடுத்து வையுங்கள்.

ஐம்பது வயது தாண்டிய வண்டி என்பதால் ‘விண்டேஜ் நம்பர் வாங்கலாம்’ என்று யாராவது சொல்வார்கள். 2021-ல் வந்த மத்திய அரசு விதிப்படி அது உண்டு. முதல் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், நம்பரில் ‘வி.ஏ.’ என்ற எழுத்து வரும். ஆனால் அந்தப் பதிவு உள்ள வண்டியைத் தினப்படி உபயோகத்துக்கு ரோட்டில் ஓட்டக் கூடாது. கண்காட்சி, பேரணி போன்றவற்றுக்குத்தான். கோவையில் 2015-ல் திறந்த ஜி.டி. கார் அருங்காட்சியகத்தில் பழைய கார்களை வரிசையாக நிறுத்தியிருக்கிறார்கள். அந்த மாதிரி வைத்துப் பார்க்கிற வண்டிக்கு விண்டேஜ் நம்பர் பொருத்தம். சாமை மூட்டை ஏற்ற வேண்டிய வண்டிக்கு வழக்கமான பதிவையே புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

செலவைக் குறைக்க

பட்டறையில் நிறம் மாற்ற ஒவ்வொரு தடவையும் அறையையும் துப்பாக்கியையும் சுத்தம் செய்ய வேண்டும். அந்தக் கூலி உங்கள் தலையில் விழும். அவர்கள் கறுப்பு ஓட்டுகிற நாள் எது என்று கேட்டு அன்றைக்குக் கொடுத்தால் குறையும். ஃபேன், புல்லி, பிராக்கெட்டுக்குக் கறுப்பே பொருத்தம். இரண்டு மூன்று பட்டறையில் விலை கேளுங்கள். துரு எடுப்பது, பாஸ்பேட்டிங், மறைப்பு எல்லாம் சேர்த்தா, தனியா என்று எழுதி வாங்குங்கள்.

பிரேக், டயர், ஸ்டியரிங் வேலை முடிந்து பணம் மிச்சமிருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள். மலை இறங்கும் வண்டிக்கு பிரேக்தான் முதலில். அந்த வகையில் அம்மா சொல்வது பாதி சரி. மீதிப் பாதி என்னவென்றால், துருவைத் தடுப்பது அலங்காரம் இல்லை. பொட்டாஷ் மூட்டை ஏற்றுகிற வண்டி இது. பொட்டாஷ் என்பது உப்புதான். அதன் தூள் ஈரத்தோடு சேர்ந்தால் வெறும் இரும்பைத் தின்றுவிடும். உரம் ஏற்றிய பிறகு வண்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவும் பழக்கத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் எந்தக் கோட்டிங்கும் நிற்காது.

இதே பொருளில் வந்த மற்றக் கேள்விகள்

கேள்வி: பழைய கரண்ட் ஓவன் ஒன்று இருக்கிறது. பொடி மட்டும் வாங்கி வீட்டிலேயே செய்யலாமா? (புதூர்நாடு வாசகர்)

வேண்டாம். காற்றில் பறக்கும் பொடித்தூசி தீப்பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். சுடும்போது வரும் புகையும் நல்லதில்லை. அந்த ஓவனில் பிறகு உணவு சமைக்கவே கூடாது. சின்ன பாகம் என்றால் பிரஷ் வேலையே போதும். எண்ணெய் போகக் கழுவி, துருவை உப்புத்தாளால் தேய்த்து, அன்றைக்கே ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கை, நன்றாகக் காய்ந்த பிறகு எனாமல் மெல்லியதாக இரண்டு கை. தடிமனாக ஒரே கை அடித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரமாக நிற்கும். சரியாகச் செய்த எனாமல், அரைகுறையாகச் செய்த பவுடர் கோட்டிங்கைவிட அதிக நாள் நிற்கும்.

கேள்வி: காற்றால் குளிரும் டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைக்கிறேன். சிலிண்டரைச் சுற்றி உள்ள துடுப்புகளுக்குப் பவுடர் கோட்டிங் செய்யலாமா? (ஆலங்காயம் வாசகர்)

கூடாது. அந்தத் துடுப்புகள் சூட்டை வெளியே விடுவதற்காக வைத்தவை. தடித்த பூச்சு போர்வை போர்த்திய மாதிரி ஆகிவிடும். துடுப்புகளின் இடுக்கில் பொடி சரியாகப் போகவும் செய்யாது. சேறும் எண்ணெயும் போகச் சுத்தம் செய்து, வெப்பம் தாங்கும் கறுப்புப் பெயின்ட்டை மெல்லியதாக அடித்தால் போதும். எஞ்சினின் அடிச்சட்டம், பெல்ட் கார்டு போன்றவற்றுக்குப் பவுடர் கோட்டிங் செய்யலாம்.

கேள்வி: பவுடர் கோட்டிங் செய்த பிராக்கெட்டில் கல் பட்டு ஒரு ரூபாய் அளவுக்குப் பெயர்ந்துவிட்டது. மறுபடி முழுக்கச் செய்ய வேண்டுமா? (செங்கம் வாசகர்)

வேண்டியதில்லை, ஆனால் தள்ளிப்போடாதீர்கள். தண்ணீர் பூச்சுக்கு அடியில் புகுந்தால் துரு மறைவாகப் பரவி, பிறகு தகடு தகடாகப் பெயரும். விளிம்பில் தூக்கி நிற்பதைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, பிரைமரும் அதே நிற எனாமலும் அடியுங்கள்.

நம்மியம்பட்டுத் தம்பிக்குக் கடைசியாக ஒன்று. எஞ்சினை மூடுவதற்கு முன் அந்த வெள்ளைத் துணிச் சோதனையை அம்மாவின் கண்முன் செய்யுங்கள். துணி சுத்தமாக இருந்தால் அவருக்கும் நம்பிக்கை வரும். வண்டி ஓடத் தொடங்கியதும் முதல் நூறு கிலோமீட்டரில் எஞ்சின் ஆயிலை மாற்றி, வடித்த ஆயிலையும் அதே மாதிரித் துணியில் வடிகட்டிப் பாருங்கள். சாமை அறுப்புக்கு முன் வண்டி தயாராகிவிடும். முதல் லோடு போளூருக்கு இறங்கிய பிறகு எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.

அடுத்த இதழில்: புளியைப் பூச்சி அரிக்காமல் ஒரு வருஷம் சேமிப்பது எப்படி? உங்கள் கேள்விகளை அஞ்சலட்டையில் ஊர்ப்பெயரோடு அனுப்புங்கள்.